இருபத்திரண்டு சாக்குக் கோட்டுகள்

என் வாழ்நாளில் நான் என் கையால் தைத்து முடித்த உடுப்புகள் மொத்தம் இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டும் மனித உடம்பில் தங்கிய நேரம் ஒரு பானைச் சோறு வேகும் நேரத்துக்கு மேல் இராது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் எங்கள் தோட்டத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் வாயால் மட்டும் சொல்ல மாட்டார்கள், எழுந்து நின்று நடித்தும் காட்டுவார்கள்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. பதுளையில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படிப்பை முடித்துவிட்டு, அப்புத்தளைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. எனக்கு ஓர் உத்தியோகம் அமையும் வரையில் சும்மா இருக்க வேண்டாமே என்று உலகத்தைத் திருத்துவதாக முடிவு செய்திருந்தேன். (உலகம் என்றால் எங்கள் தோட்டம்தான். அதைத் தாண்டினால் எனக்கு வழி தெரியாது.) முதல் மாதம் ஒரு வாசகசாலை தொடங்கினேன். அதில் நான் ஒருவனே உறுப்பினன், ஆகையால் தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கவில்லை. இரண்டாம் மாதம் தேகப் பயிற்சி. விடிந்தது முதல் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஜனங்களை மாலையில் நிறுத்தி வைத்து, கைகால்களை அசைப்பது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று விளக்கினேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். "ஆமாங்க" என்றார்கள். மறுநாள் ஓர் ஆள்கூட வரவில்லை.

அந்த "ஆமாங்க"வைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கே அதைக் கவனித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே வந்திருக்காது.

"இவன் தீக்குச்சி மாதிரி" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். "ஒரசினாப் பத்திக்கிறான். அடுப்புக்கிட்டக் கொண்டு போறதுக்குள்ள அணைஞ்சு போறான்."

அந்த மார்கழியில் தோட்டத்துக்குப் புது ஆட்கள் வந்தார்கள். திருச்சிச் சீமையிலிருந்து கடல் தாண்டி, ரயிலேறி வந்த குடும்பங்கள். கூடவே இருபத்திரண்டு சிறுபிள்ளைகள். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவர்கள். முதல் நாள் காலையில் லயத்து வரிசை வீடுகளுக்கு வெளியே வந்து மூடுபனியைப் பார்த்துவிட்டு, எங்கேயோ அடுப்புப் புகைகிறதென்று தேடினார்களாம். வேலைக்குப் பேர் பதிந்த பெரியவர்களுக்குத் தோட்டத்தில் கம்பளி உண்டு. பேர் பதியும் வயது வராத பிள்ளைகளுக்கு அது கிடையாது. இடுப்பில் ஒரு முழத் துணியும் கையில் ஒரு மூக்குமாக (மூக்கைத் துடைத்த கை கீழே இறங்கவே இறங்காது) அவர்கள் பிள்ளைக் காம்பராவில் சுவரோரமாக ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளைக் காம்பரா என்பது தாய்மார் மலைக்குப் போன நேரத்தில் குழந்தைகளை விட்டுவைக்கும் அறை. அங்கே அவர்களைப் பார்த்துக்கொண்டவள் செல்லம்மா. என் வயதுதான் இருக்கும். கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து ஒரு கால் கோணிப் போனதால் அவளுக்கு இந்த வேலை கொடுத்திருந்தார்கள். கால்தான் கோணலே ஒழிய வாய் நேர்.

ஒருநாள் நான் அந்தப் பக்கமாகப் போனேன். (சும்மாதான். வாசகசாலைக்கு உறுப்பினர் தேடி.) செல்லம்மாவின் மடியில் நாலு வயதுப் பெண் ஒன்று இருமிக்கொண்டிருந்தது. ராக்கு என்று பெயர். அவள் இருமினால் தொண்டை மட்டும் இருமாது, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை மொத்த உடம்பும் இருமும்.

"மருந்து கொடுக்கலையா?" என்றேன்.

"மருந்துக்கார ஐயா குடுத்தாருங்க சின்னய்யா. குடிச்சாலும் இருமுது, குடிக்காட்டியும் இருமுது. அவரே சொல்லிட்டாரு, மேலுக்குச் சூடு இல்லாம மார்ச்சளி போகாதுன்னு. ஒரு சட்டை இருந்தாப் போதுங்க."

அவள் கேட்டது ஒரு சட்டை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"சட்டையா?" என்றேன் நான். தீக்குச்சி பற்றிக்கொண்டது. "கோட்டு! இருபத்திரண்டு பேருக்கும் கோட்டு! பொங்கலுக்குள்ளே, என் கையாலேயே தைத்துக் கொடுக்கிறேன்!"

செல்லம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நெசமாவாங்க?"

தோட்டத்தில் என் திட்டம் ஒன்றுக்கு யாரோ ஒருவர் "ஆமாங்க" அல்லாத ஒரு சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பெரிய ஊக்கமாகப் பட்டது. அவள் சந்தேகத்தில் கேட்டாள் என்பது பல காலம் கழித்துத்தான் விளங்கியது.

வீட்டில் அப்பா கேட்டார்: "உனக்குத் தைக்கத் தெரியுமாடா?"

"கத்துக்கிட்டா வந்துடும்ப்பா."

"அடுத்தவன் புள்ள முதுகிலயா கத்துக்கப் போறே?"

மகான்களுக்கு வீட்டில் மரியாதை கிடைப்பதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன்.

துணிக்கு என்ன செய்வது? அதற்கும் என் மூளை உடனே வழி சொன்னது. தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்தை வாட்டுவதற்காகச் சணல் துணியைப் பந்தி பந்தியாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். வருடக் கணக்கில் பச்சைக் கொழுந்து அதில் கிடந்து வாடி வாடி, அது ஒரு பழுப்பு நிறத்துக்கு வந்திருக்கும். அப்போதுதான் பழையதைக் கழற்றிவிட்டுப் புதிது கட்டியிருந்தார்கள். பழைய துணி ஒரு மூலையில் மலையாகக் குவிந்து கிடந்தது. தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம் கேட்டேன். "தூக்கிட்டுப் போங்க தம்பி, எலி குட்டி போடுது" என்றார்.

சணல் துணி குளிருக்கு ஏற்றது என்று நான் முடிவு கட்டியது குருட்டாம்போக்கில் அல்ல. அதற்கு ஆதாரம் இருந்தது. எங்கள் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் இடுப்பைச் சுற்றிச் சாக்குத் துணி கட்டியிருப்பார்கள். படங்கு என்பார்கள். எத்தனை மழையிலும் பனியிலும் ஈரம் உள்ளே இறங்காது. பிறந்த நாள் முதல் நான் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அது. இடுப்புக்கு ஏற்றது முதுகுக்கு ஆகாதா? இந்தக் கேள்வியைப் பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று, மத்தியானம் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க வந்த தாய்மாரிடம் விரிவாக விளக்கினேன்.

"ஆமாங்க" என்றார்கள் அத்தனை பேரும். ஒருத்தி மட்டும் படங்கை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அப்புத்தளைக் கடைத்தெருவில் காதர் நானா என்று ஒரு தையல்காரர் இருந்தார். அவரிடம் கையால் சுற்றும் பழைய தையல் இயந்திரம் ஒன்று சும்மா கிடந்தது. அதை இரவல் கேட்கப் போனேன். நான் கொண்டுபோன துணியை அவர் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவதைப் போல.

"சாக்கில மூட்டை தச்சிருக்கேன் தம்பி. மனுசனை மூட்டை கட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல்ல."

"இது தர்ம காரியம் நானா. ஏழைப் பிள்ளைகளுக்கு."

"அல்லா உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும். மெசினைக் கொண்டு போங்க, கூலி ஒண்டும் வேணாம். ஒரே ஒரு பேச்சு மட்டும் கேளுங்க. முதல் கோட்டைத் தச்சு முடிச்சதும் நீங்களே போட்டுப் பாருங்க."

"நாலு வயதுப் பிள்ளைக்குத் தைத்தது எனக்கு எப்படி நானா பத்தும்?"

"கையை மட்டுமாச்சும் நுழைச்சுப் பாருங்களேன்."

நான் சிரித்தேன். பழைய காலத்து மனுஷர், பாவம், என்று மனதுக்குள் இரங்கினேன். இயந்திரத்தைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு மலையிறங்கினேன். மூன்றாம் நாள் அதே தலையில் வைத்து மலையேறித் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பகலில் மூன்று ஊசி முறிந்திருந்தது. "மெசினுக்கும் ரோசம் இருக்கு தம்பி" என்று காதர் நானா சொல்லி, அரிசி மூட்டை தைக்கும் கோணி ஊசி நாலும் சணல் நூல் கண்டு ஒன்றும் தந்தனுப்பினார்.

அளவெடுப்பதில் நான் ஒரு புது முறை கண்டுபிடித்தேன். நாடா பிடித்து அளப்பதெல்லாம் பத்தாம்பசலித்தனம். துணியைப் பிள்ளைக் காம்பராத் தரையில் விரித்து, பிள்ளையை அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி, சுற்றிலும் அடுப்புக்கரியால் கோடு இழுத்தேன். கோட்டின் மேலேயே வெட்டினேன். தையலுக்கென்று ஓரத்தில் கொஞ்சம் விட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. பிள்ளைகளோ கூச்சம் தாங்காமல் நெளிந்தார்கள். ஒருவனுக்கு மூன்று கை விழுந்தது. (நடுவில் இருந்ததை அழித்தேன்.) இருபத்திரண்டு கரிப் பிள்ளைகளும் தரையில் கை விரித்துக் கிடந்ததைப் பார்த்துச் செல்லம்மா சொன்னாள்: "வடகம் காயப் போட்ட மாதிரி இருக்குங்க."

இரண்டு வாரம் தைத்தேன். இதில் மட்டும் நான் என்னைக் குறை சொல்ல மாட்டேன், உண்மையாகவே தைத்தேன். விரல் நுனியெல்லாம் சல்லடையாயிற்று. தீக்குச்சி இந்தத் தடவை அணையவில்லையே என்று அப்பாவே ஒருமுறை வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். பொங்கலுக்கு நாலு நாள் முன்னதாகவே வேலை முடிந்தது.

"துணியை ஒருதரம் அலசிப் போட்டுடலாங்களா?" என்று செல்லம்மா கேட்டாள்.

"அலசினால் விறைப்புப் போய்விடும். கோட்டுக்கு விறைப்புத்தான் அழகு."

"அப்ப முடிஞ்சதை இப்பவே குடுத்துடுங்களேன் சின்னய்யா. ராக்கு ராவெல்லாம் தூங்குறதில்லன்னு அவ ஆத்தா சொல்லுது."

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் பேனா கொஞ்சம் தயங்கும். நான் கொடுக்கவில்லை. பொங்கலன்று காலையில், பெரட்டுக் களத்தில், துரையும் துரைசாணியும் பார்த்திருக்க, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் அணிவிப்பதென்று நான் திட்டம் போட்டு, அழைப்பும் இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டேன். இருபத்திரண்டு கோட்டுகளும் என் தகரப் பெட்டிக்குள் நாலு நாள் சுகமாகத் தூங்கின. ராக்கு வெளியே இருமிக்கொண்டிருந்தாள்.

பொங்கலன்று மலையே தெரியவில்லை. அப்படியொரு மூடுபனி. தினமும் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்தக் களத்தில், அன்றைக்குக் கோலம் போட்டுத் தோரணம் கட்டியிருந்தது. துரை ஒரு நாற்காலியில், வெள்ளை உடுப்பில் துரைசாணி ஒரு நாற்காலியில். பின்னால் அப்பாவும் டீமேக்கரும். அதற்கும் பின்னால் கங்காணிமார். லயத்துச் சனங்கள் முழுக்கச் சுற்றி நின்றார்கள். பிள்ளைகளின் இடுப்புத் துணியையும் அவிழ்க்கச் சொல்லி, கோட்டு மாட்டி வரிசையாக நிறுத்தினேன்.

அப்போதுதான் முதல் அதிர்ச்சி. எந்தப் பிள்ளைக்கும் கை கீழே இறங்கவில்லை. கை விரித்துப் படுத்த நிலையில் வெட்டிய துணி, தையலுக்கு ஓரம் விடாததால் இறுக்கம் வேறு, அலசாத சணலின் விறைப்பு வேறு. இருபத்திரண்டு பேரும் சோளக்கொல்லைப் பொம்மைகளாக இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றார்கள். முதல் ஆளின் விரல் இரண்டாம் ஆளின் மூக்கில். துரைசாணி நல்ல மனுஷி. தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் கேட்டாள்: "பிள்ளை கை ஏன் அப்படி?"

"காற்றோட்டத்துக்காக, அம்மணி" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

பிறகு என் சொற்பொழிவைத் தொடங்கினேன். பதினோரு பக்கம். கிரேக்க தேசத்தில் ஆரம்பித்து இலங்கையை நோக்கி வருவதாக அமைத்திருந்தேன். மூன்றாம் பக்கத்தில் நான் இன்னும் ரோமாபுரியில் இருந்தபோது, வரிசையில் ராக்கு நெளியத் தொடங்கினாள்.

சணல் நாரை வெறும் உடம்பில் போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போட்டுப் பார்க்காதவர்கள் காஞ்சொறிச் செடியை நினைத்துக்கொள்ளலாம். அவளுக்கு முதுகு அரிக்கிறது. சொறியலாம் என்றால் கை மடங்காது. ஒரு நிமிஷம் தவித்தாள். பிறகு பக்கத்துப் பையன் முதுகில் தன் முதுகை வைத்துத் தேய்த்தாள். அவனுக்கும் அதே கஷ்டம்தானே, அவனும் தேய்த்தான். ரோமாபுரியை விட்டு நான் கிளம்புவதற்குள் வரிசை முழுவதும் இரண்டிரண்டு பேராக, மரத்தில் உரசும் எருமைக் கன்றுகளாக, முதுகோடு முதுகு உராய்ந்துகொண்டிருந்தது. நான் குரலை உயர்த்தினேன். சனங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளையின் மகன் பேசும்போது சிரிக்கக் கூடாதே! புடவைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது தூறல் போட்டது.

வருடக் கணக்கில் கொழுந்துச் சாறு ஊறிய துணி அது. ஈரம் பட்டதும் அது தன் பிறவிக் குணத்தைக் காட்டியது. பிள்ளைகளின் தொடை வழியாகவும் முழங்கால் வழியாகவும் பழுப்புத் தண்ணீர் கோடு கோடாக இறங்கிற்று. களம் முழுவதும் சாயத்தண்ணி வாசம், பால் விடாத தேநீர் வாசம், எழும்பியது. துரை தேயிலையிலேயே ஊறிய மனிதர். மூக்கைத் தூக்கி மோந்தார். டீமேக்கர் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னார்.

"தொரை என்ன சொல்றாரு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"இருபத்திரண்டும் நல்லாச் சாயம் எறங்குதாம்" என்றார் டீமேக்கர்.

அவ்வளவுதான். தலைப்புகள் வாயிலிருந்து விழுந்தன. களமே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மிரண்ட ராக்கு வரிசையை விட்டு ஓடி வந்து, நீட்டிய கையோடு துரைசாணியின் மடியில் போய் விழுந்தாள். வெள்ளை உடுப்பில் ஒரு பழுப்புப் பிள்ளை முழுசாக அச்சாகி இறங்கியது. மற்ற பிள்ளைகளும் அழுதுகொண்டே கோட்டைக் கடித்தும் பிய்த்தும் உதறினார்கள். கண் மூடித் திறப்பதற்குள், தை பிறந்த அந்தப் பனிக் காலையில், என் தர்ம காரியத்தின் பலனாக, இருபத்திரண்டு பிள்ளைகளும் முன்னைவிட ஒரு துணி குறைவாக நின்றார்கள். சிரிப்புக்கு நடுவே ராக்கு இருமிய சத்தம் எனக்குக் கேட்டது. கையில் இருந்த காகிதம் நனைந்து, எழுத்தெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அதைவிட அவர் அடித்திருக்கலாம்.

"நகருங்க சின்னய்யா" என்று ஒரு குரல்.

செல்லம்மா. நொண்டிக்கொண்டே வந்து என்னை ஒரு பக்கமாகத் தள்ளி (தள்ளித்தான்!) ராக்குவைத் தூக்கித் தன் கம்பளிக்குள் சுருட்டினாள். அவள் அசைந்ததும் மற்றப் பெண்களும் அசைந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன்னதென்றும் பிறத்தியாரதென்றும் பார்க்காமல் கிட்டத்தில் கிடைத்த பிள்ளையை அள்ளிக் கம்பளியில் போட்டாள். துரைசாணி தன் மடியில் இருந்த அச்சைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைக் காப்பாற்றியது என்று அப்பா பிற்பாடு சொல்வார்.

பொங்கல் பொங்கியதா இல்லையா எனக்குத் தெரியாது. நான் வாசகசாலைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். (ஒரே உறுப்பினன் ஆனதால் யாரும் தேடி வரமாட்டார்கள் என்று நினைத்தேன்.) மாலையில் செல்லம்மா வந்து கதவைத் தட்டினாள்.

"எந்திரிச்சு வாங்க. வேலை கெடக்கு."

பிள்ளைக் காம்பராவில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பண்டிகை நாளில், வேலையில்லாத அந்த ஒரு நாளில். என் கோட்டுகள் எல்லாம் தையல் பிரிக்கப்பட்டுக் கிடந்தன. நான் இரண்டு வாரம் குத்தியதைப் பல்லால் கடித்து ஒரு மணி நேரத்தில் பிரித்துவிட்டார்களாம். பாதித் துணியைச் சாம்பல் போட்டு அவித்து, ஆற்றுப் பாறையில் அடித்து, அடுப்பைச் சுற்றிக் காயப்போட்டிருந்தார்கள். பழுப்பு போய்ச் சணல் மெத்தென்று ஆகியிருந்தது. ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் ஒரு பழைய சீலை. கிழித்து மூன்று மடிப்பு மடித்து, சணலுக்கு உள்பக்கமாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள். கை வைக்கவில்லை, வெறும் மேல்சட்டை. கை தாராளமாகக் கீழே இறங்கும்.

"சாக்கு வெளியில, சீலை உள்ள" என்றாள் செல்லம்மா. "அம்புட்டுத்தாங்க. எங்க இடுப்பைத்தான் இம்புட்டு நாளாப் பாத்தீங்களே, படங்குக்கு உள்ள என்ன இருக்குன்னு பாக்கலியா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அந்த ஏழெட்டுப் பெண்களும் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் கிடந்த குழந்தை எழுந்து அழுதது. நானும் சிரித்தேன். காலையிலிருந்து நான் சுவாசித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அவள் சொன்னது மெய். பெண்கள் சேலைக்கு மேலேதான் சாக்கைக் கட்டுகிறார்கள். அது ஈரத்துக்கு மறைப்பு. சூட்டைக் கொடுப்பது உள்ளே இருக்கும் சேலைதான். பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தவன் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?" என்றேன். "இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? எல்லோரும் ஆமாங்க, ஆமாங்க என்றீர்களே!"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லம்மாதான் பதில் சொன்னாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க எங்களைக் கேக்கலீங்க சின்னய்யா. எங்களுக்குச் சொன்னீங்க. சொன்னா ஆமாங்கன்னுதானே சொல்லணும்?"

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரிசு வாங்கித் தந்த பாடங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. இது இருக்கிறது.

"சரி, இப்போது கேட்கிறேன்" என்றேன். "நான் என்ன செய்யட்டும்?"

"ஊசியில நூல் கோத்துக் குடுங்க. கண்ணு மட்டும் உங்களுக்கு நல்லா இருக்கும்போல."

கோத்தேன். அன்று மாலை முழுவதும் கோத்தேன். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கோத்தேன். முதல் சட்டை அன்றைக்கே முடிந்தது. அதை ராக்குவுக்குப் போட்டார்கள். அவள் தோளைக் குலுக்கிப் பார்த்தாள். குனிந்து நிமிர்ந்து பார்த்தாள். கையைக் கீழே தொங்கவிட்டாள், மேலே தூக்கினாள், மறுபடியும் தொங்கவிட்டாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"அரிக்குதாடி?" என்றாள் செல்லம்மா.

ராக்கு யோசித்துவிட்டு, "இல்ல" என்றாள். பிறகு என் பக்கம் விரலை நீட்டி, "அவுரு தச்சதா?" என்று சந்தேகத்தோடு கேட்டாள். இல்லை என்று ஏழெட்டுப் பேரும் சேர்ந்து சத்தியம் செய்த பின்புதான் அடுப்போரமாகப் போய்ப் படுத்தாள். அந்த மாதக் கடைசிக்குள் அவளுடைய இருமல் விட்டது. துரைசாணி ஒரு தகர டப்பா நிறையப் பொத்தான் அனுப்பினாள். ஒன்றைப் போல ஒன்று இல்லாத பொத்தான்கள். அவற்றில் எது தனக்கு என்பதில் பிள்ளைகளுக்குள் ஒரு யுத்தமே நடந்தது. மருந்துக்கார ஐயா வந்து பார்த்துவிட்டு, தன் தண்ணி மருந்துதான் வேலை செய்தது என்று சொல்லிப் போனார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து "ஆமாங்க" என்றோம்.

காதர் நானாவிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். (அப்புத்தளையில் கேள்விப்படாதவர் யாரும் இல்லை. ரயில் ஏறிப் பண்டாரவளைக்கும் போய்விட்டது கதை.) "முதல் கோட்டைப் போட்டுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த அலசாத சணலை வெறும் உடம்பில் சுற்றிக்கொண்டு, களத்தில் பிள்ளைகள் நின்ற அளவு நேரம் நின்று பார்த்தேன். நிற்க முடியவில்லை. பாதியில் அவிழ்த்து எறிந்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன்.

இப்போது நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எனக்கு ஒரு பெயர் உண்டு, பள்ளிக்கூடத்துப் பதிவிலும் அது இருக்கிறது. ஆனால் நமுனுகுல மலை வரைக்கும் யாரைக் கேட்டாலும் "படங்கு வாத்தியார்" என்றால்தான் தெரியும். ஒவ்வொரு மார்கழியிலும் புது ஆட்கள் வருகிறார்கள். பிள்ளைக் காம்பராவில் பெண்கள் பழைய சீலையோடு வட்டமாக உட்கார்கிறார்கள். சாக்கு வெளியில, சீலை உள்ள. நூல் கோக்கும் உத்தியோகம் இன்னமும் என்னுடையதுதான். வேறு யாரும் அதற்கு விண்ணப்பிக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு ஐந்து வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டம். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்ளும்படி அப்பாவிடம் கெஞ்சிக் கேட்டிருந்தேன். பட்டு வேட்டி கட்டி, ஜரிகை அங்கவஸ்திரம் போட்டு, முடிந்தவரை கம்பீரமாக மணவறையில் உட்கார்ந்தேன். மேளம் ஒரு நொடி ஓய்ந்தது. பின்வரிசையில் பெண்கள் கூட்டத்துக்கு நடுவிலிருந்து, ஒன்பது வயது ராக்குவின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது.

"சின்னய்யா, அரிக்குதாங்க?"

எங்கள் தோட்டம் மொத்தமும் சிரித்தது. செல்லம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அப்பா, என் அப்பா, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பெண் வீட்டார் ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளைக்கு என்ன வியாதியோ என்று என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் குனிந்த தலையோடு இருந்தவள் தலையை மெல்ல என் பக்கம் சாய்த்தாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"எங்கேங்க அரிக்குது?"

அவள் கேட்டாள். சொல்லவில்லை, கேட்டாள். நமக்கு வாய்த்தவள் நல்லவள்தான் என்று அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "முதுகிலே" என்றேன். உண்மையாகவே அரித்தது. புது ஜரிகை.

அவள் யாருக்கும் தெரியாமல் தன் முந்தானையின் ஓரத்தை மடித்து, ஜரிகைக்கும் என் முதுகுக்கும் நடுவில் செருகிவிட்டாள்.